தூண்டில் ராடு வகுப்பும் பற்றவைத்த மாடிக் கதவும்

பிரின்சி போன வாரம் போன் செய்தாள். தூத்துக்குடியில் நாங்கள் நடத்திவந்த தூண்டில் ராடு கட்டும் வகுப்பை, நான் ஓய்வு பெற்ற பிறகு அவள்தான் நடத்துகிறாள். கெட்டிக்காரி. ஒன்றை நினைத்துவிட்டால் முடிக்காமல் தூங்க மாட்டாள், எனக்கு அதுதான் பயம். வகுப்பு நடக்கிற கடைக்கு மேலே மொட்டைமாடிக்குப் போகிற இரும்புக் கதவை யாரோ நிலையோடு சேர்த்துப் பற்றவைத்திருக்கிறார்களே, ஏன் என்று கேட்டாள். மாடியில் நல்ல வெளிச்சமாம், கடல்காற்றாம். புதிதாகச் சேருகிறவர்களை அங்கே உட்காரவைத்தால் வீடியோ எடுக்கவும் வசதியாம். வெல்டரிடம் பேசியும்விட்டாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஏளா, அந்தக் கதவத் தொடாத" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். வாயால் சொல்ல எனக்கு வராது, சொல்ல ஆரம்பித்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன். பிரின்சி படித்துவிட்டு வெல்டரை வேண்டாம் என்று சொன்னால் போதும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. நாசரேத் பக்கம் பிறந்தவள். கடல் என்றால் கரையில் நின்று பார்ப்பதோடு சரி. இத்தனை வருஷம் ராடு கட்டக் கற்றுக்கொடுத்தும் ஒரு நாள்கூட மீன் பிடித்ததில்லை. அலை காலை நனைத்தாலே மேலே ஓடி வந்துவிடுவேன். இதை வைத்து என்னைக் கேலி செய்யாத மாணவர் கிடையாது. "நீச்சல் தெரியாதவ படகு செய்த கதையா இருக்கு" என்பார்கள். கேலி செய்யட்டும், பயம் எனக்குக் குறைந்ததில்லை.

மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தேன். மில்லை மூடியதும் மற்றவர்கள் தையலுக்கும் தீப்பெட்டிக்கும் போனார்கள். நான் ஜெபராஜ் சாரின் கடைக்குப் போனேன். தூண்டில் சாமான் விற்கும் கடை. சார் அதற்கு முன்னால் துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கிற ஆபீசில் இருந்தவர். கப்பல்காரர்களிடம் பழகி, ராடு பழுது பார்க்கவும் பிறகு முழுதாகக் கட்டவும் கற்றுக்கொண்டார். எனக்கு நூல் தெரியும், ராடு தெரியாது. அவர் சொல்லிக்கொடுக்க, ஒரு வருஷத்தில் கை பழகிவிட்டது. வகுப்பு தொடங்கியபோது என்னையே டீச்சராக்கிவிட்டார்.

சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சட்டைக் கையை முழங்கை வரை மடித்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மேசை மேசையாக நடப்பார். குரல் உயராது. திட்ட மாட்டார், பாராட்டவும் மாட்டார். ஒருவர் முதுகு ஒடிய உட்கார்ந்து கட்டியதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, மெதுவாகக் கீழே வைப்பார். "பிரிச்சுக் கட்டுங்க" என்பார். அவ்வளவுதான். டாக்டர், வக்கீல், படகு டிரைவர் எல்லாருக்கும் அதே இரண்டு சொற்கள்தான். அழுதுகொண்டே பிரித்தவர்கள் உண்டு.

வேலை இப்படி நடக்கும். வளையம் எதுவும் கட்டாத வெறும் குழாயை பிளாங்க் என்போம். தூண்டில் நரம்பு ஓடுகிற வளையங்களை அதன் மேல் வைத்து, வளையத்தின் காலை நூலால் சுற்றிக் கட்ட வேண்டும். நூலை ஒரு தடித்த புத்தகத்தின் நடுவே விட்டு, மேலே எடை வைத்தால் நூல் இறுக்கமாக வரும். நூலைச் சுற்றக் கூடாது, ராடைத்தான் உருட்ட வேண்டும். ஒரு சுற்றுக்குப் பக்கத்தில் அடுத்த சுற்று முடி இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். அந்த நேரத்தில் கை சற்றுத் துள்ளினாலும் சுற்று முழுக்கத் தளர்ந்துவிடும். ஆகவே கடைக்கு மேலே இருந்த எங்கள் வகுப்புக் கூடத்தில் யாரும் யாரையும் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. வீட்டிலிருந்து ஆள் வந்தால்கூட முன்னால் போய் நின்று, அவர் நிமிரும்வரை காத்திருக்க வேண்டும். இது சாரின் சட்டம்.

நூல் கட்டி முடித்ததும் அதன் மேல் எபாக்ஸி பசை பூச வேண்டும். பசை இறுகும்வரை ராடு மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கமாக வழிந்து கட்டி தட்டிவிடும். அதற்குச் சின்ன மோட்டார் உண்டு. கரண்ட் போனால் கதை முடிந்தது. எல்லாரும் தங்கள் ராடைத் தாங்களே கையால் உருட்டிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் குடும்பக் கதை பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து வந்த ஒருவர், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ராடைக் கையில் உருட்டிக்கொண்டே பஸ் ஏறிப் போனார். ஊர் வரைக்கும் உருட்டினாராம். கண்டக்டர் பிரார்த்தனையா என்று கேட்டதாக மறுவாரம் வந்து சொன்னார்.

நூலும் பசையும் பிறகுதான். முதல் நாள் வகுப்பில் சார் வேறொன்று செய்வார். ஒரு துண்டு கார்பன் பிளாங்க், ஒரு பேட்டரி, ஒரு சின்ன பல்ப். பிளாங்கின் இரண்டு முனையிலும் மேல்பூச்சைச் சுரண்டியிருப்பார். கம்பியை இரண்டு முனையிலும் தொட்டதும் பல்ப் எரியும். இரும்பும் இல்லை செம்பும் இல்லை, கறுப்பாக ஏதோ பிளாஸ்டிக் குழாய் மாதிரி இருக்கிறதே, அது எப்படி என்று எல்லாரும் சிரித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள். சார் சிரிக்க மாட்டார். கார்பன் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், கரண்ட் கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, பெரிய லைன் என்றால் கிட்டப் போனாலே தாவிப் பிடித்துவிடும் என்று சொல்லுவார். உப்பளத்து ஓடைக்கோ கழிமுகத்துக்கோ போனால் முதலில் அண்ணாந்து பார்க்கச் சொல்லுவார். அந்த பல்ப் ஒவ்வொரு முறை எரியும்போதும் நான் இரண்டடி தள்ளிப்போய் நிற்பேன். மற்றவர்களுக்கு அது ஒரு வேடிக்கை, மறுவாரம் மறந்துவிடும்.

அந்தப் பாடத்தைத் தவறவிட்டவர் சுயம்புலிங்கம் அண்ணாச்சி.

குலசேகரன்பட்டினம் பக்கத்துக்காரர். டவுனில் பெரிய பலசரக்குக் கடை. நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து வந்திருந்தார். கடையை மகன் பார்த்துக்கொள்ளட்டும், மனதுக்கு நிம்மதி தருகிற மாதிரி கைவேலை ஏதாவது பழகுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். அவருக்குத் தெரிந்த நிம்மதி தூண்டில்தான். வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தார். கூடவே அவர் வீட்டம்மா, செல்வக்கனி. கணவரை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மாத்திரை எந்தப் பையில் இருக்கிறது, எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று எல்லாம் ஒப்பித்தார். பதற்றம் மட்டும் ஆகாது, திடீரென்று யாரும் சத்தம் போட்டுவிடக் கூடாது என்றார். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வருசமா அவரு மூச்சுவிடுத சத்தத்தக் கேட்டுக்கிட்டே படுத்துருக்கேன் டீச்சர்" என்றார். அந்த வார்த்தை என் மேல் கல் மாதிரி உட்கார்ந்துவிட்டது.

அண்ணாச்சியோ வாய் மூடாத மனிதர். கட்டிக்கொண்டே பேசுவார், பேசிக்கொண்டே பிரிப்பார். சார் பிரிக்கச் சொன்னால் மற்றவர்கள் முகம் சுண்டும். இவர் விடமாட்டார். எங்கே கோணல், எந்த இடம், கோணல் என்றால் எத்தனை நூல் அளவு என்று வக்கீல் மாதிரி வழக்காடுவார். தசராவுக்கு வருஷா வருஷம் காளி வேஷம் கட்டுகிறவர். ஆபரேஷன் ஆன வருஷம் மட்டும்தான் கட்டவில்லையாம், அந்தக் குறை அவருக்கு நிறைய. மீசையை எடுத்து, சடை முடி வைத்து, சூலத்தை ஊன்றி நின்றால் சொந்தப் பேத்தியே கும்பிட்டாளாம். நாங்கள் கேட்டுக் கேட்டு அலுத்த கதை. அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. கரையில் நின்று தூரமாக வீசுகிற நீள ராடுதான் வேண்டும் என்று பிடிவாதமாக கார்பன் பிளாங்க் வாங்கினார்.

அந்த ராடு முடிந்த நாளைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது.

கடைசிப் பசையும் காய்ந்துவிட்டது. இனி வளையங்கள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்கு ராடின் அடிப்பகுதியைக் கண்ணருகில் வைத்து, நுனியை எதிரே ஏற்றி நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். பின்னணி வெறுமையாக இருந்தால்தான் வளையம் தெளிவாகத் தெரியும். நாங்கள் கூடத்தில் வெள்ளையடித்த சுவரைப் பார்த்து நிற்கவைப்போம். அன்று மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். சாரும் வீட்டுக்குப் போயிருந்தார். அண்ணாச்சி வீட்டுச் சாப்பாட்டுக்காகக் காத்திருந்தார். நான் கீழே கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே வந்தால் கூடத்தில் ஆள் இல்லை. மோட்டார் மேசையில் அவருடைய ராடும் இல்லை. மாடிப்படியில் வெளிச்சம் விழுந்துகிடந்தது. யாரும் போகாத அந்தக் கதவு திறந்திருந்தது.

எங்கள் கட்டடத்தின் தெருப்பக்கம் மொட்டைமாடியை ஒட்டினாற்போலப் பெரிய லைன் போகிறது. கைப்பிடிச் சுவரிலிருந்து கை நீட்டினால் எட்டாது. ராடு நீட்டினால் எட்டும். உப்புக்காற்று படிந்து படிந்து, ஈரமான காலைகளில் அது உஸ்ஸென்று முனகுவது எனக்குக் கூடத்து ஜன்னலிலேயே கேட்கும். நான் அந்த ஜன்னலைத் திறக்கவே மாட்டேன்.

படியேறிப் போய்க் கதவருகில் நின்றேன். அண்ணாச்சி எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். ராடை முழுதாகப் பொருத்தி, அடியைக் கன்னத்தில் வைத்து, நுனியைத் தெருவுக்கு மேலே வானத்தைப் பார்த்து நீட்டியிருந்தார். நுனி கம்பிகளுக்கு மேலே நின்றது, அதிகம் மேலே இல்லை. அவருக்கு அது தெரியாது. ஒரு கண் மூடியிருக்கிறது, இன்னொரு கண் வளையங்களில் இருக்கிறது. வளையத்தைப் பார்க்கிற கண்ணுக்கு அதற்கு அப்பால் இருப்பது எதுவும் தெரியாது. அப்படிப் பார்க்கத்தானே நாங்கள் பழக்குகிறோம். மேகம் குறுக்கிட்டதோ என்னவோ, நல்ல வெறும் வானம் தேடி இன்னும் அரை அடி முன்னால் போனார்.

கூப்பிட வாய் திறந்தேன். சத்தம் வரவில்லை. வராததே நல்லதாயிற்று. குறி பார்க்கிறவரைக் கூப்பிட்டால் எவரும் ஒன்றே ஒன்றுதான் செய்வார். கன்னத்திலிருந்து ராடைக் கீழே இறக்கிவிட்டுத் திரும்புவார். இறக்கினால் நுனி நேராகக் கம்பியின் மேல் விழும். கத்தினால் இந்த மனிதருடைய நெஞ்சு வேறு. கூப்பிடாமலும் இருக்க முடியாது, அடுத்த அடி எடுத்து வைத்தால் என்ன ஆகும்? சாப்பாட்டுத் தூக்கோடு செல்வக்கனி வருகிற நேரம். அந்தம்மா கீழிருந்து அவர் எங்கே என்று கேட்டால் நான் என்ன சொல்வது என்பதுதான் என் தலைக்குள் ஓடியது. அதற்கான வாக்கியத்தை என் மனம் தானாகவே கட்டப் பார்த்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

வகுப்பில் பேசுகிற தாழ்ந்த குரலை வரவழைத்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, கண்ண எடுக்காம அப்படியே பாருங்க. மூணாவது வளையம் சாஞ்சிருக்கு. நுனிய மேல தூக்குனாத்தான் தெரியும், தூக்குங்க."

சாய்ந்திருந்ததா இல்லையா எனக்கு எப்படித் தெரியும்? வாயில் வந்ததைச் சொன்னேன். குறை சொன்னால் பார்வையை எடுக்க மாட்டார் என்று நம்பினேன். ஆளை மறந்துவிட்டேன். குறை சொன்னால் சண்டைக்கு வருகிறவர் அல்லவா அவர்.

"எங்கன சாஞ்சிருக்கு? நூல் பிடிச்ச மாதிரில்லா இருக்கு. இங்கன வந்து நீங்களே பாருங்க" என்று கோபமாகச் சொல்லி, எனக்குக் காட்டுவதற்காகத் தோளைத் திருப்பத் தொடங்கினார். நுனி இறங்கியது. என் கண்ணால் பார்த்தேன், ஒரு சாண் இறங்கியது.

எனக்கு அப்போது தெய்வ பயமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. ஆண்டவரே என்று மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டே, வாயால் காளியைக் கூப்பிட்டேன்.

"இல்ல அண்ணாச்சி, நல்லாத்தான் இருக்கு. காளி வேசத்துக்குச் சூலம் பிடிச்சு நிப்பீங்கல்லா, அந்த மாதிரி நேரா ஊணி நில்லுங்க. பாப்போம்."

அவர் யோசிக்கவே இல்லை, அவர் உடம்பு கேட்டுக்கொண்டது. ராடு விருட்டென்று நிமிர்ந்து, அடி தரையில் ஊன்றி, அவர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். நுனி நடு வானத்தில் ஆடியது. கம்பிக்கும் அதற்கும் நடுவே இப்போது கொஞ்சம் காற்று இருந்தது.

ஆனால் அவர் இன்னும் கைப்பிடிச் சுவரின் ஓரத்தில்தான் நின்றார். கடல்காற்று அடித்தால் அந்த நீள ராடு வளையும். "அப்படியே பின்னால வாங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டு, சூலம் பிடித்தவள் பின்னால் நடக்க மாட்டாள் என்றார். வேடிக்கை பேசுகிறார். இந்த மனிதரை நானே கொன்றுபோட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது.

அவரிடம் போவதைத் தவிர வழியில்லை. நான் தைரியசாலி இல்லை என்று முதலிலேயே சொன்னேன். பார்க்காமலே அந்தக் கம்பி என் உச்சந்தலையில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. கிட்டப் போய், அவர் கைக்குக் கீழே நானும் அந்த ராடைப் பிடித்தேன். நுனி மட்டும் அந்தப் பக்கம் சாய்ந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான். தெரிந்தே பிடித்தேன். நெட்டுக்குத்தாக வைத்தபடியே கொடிமரம் தூக்குகிறவர்கள் மாதிரி இரண்டு பேருமாக அடி அடியாகக் கதவுப் பக்கம் வந்தோம். என்ன டீச்சர், என்ன டீச்சர் என்று அவர் கேட்டுக்கொண்டே வந்தார். நான் நுனியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வந்ததும் நடுவில் இணைப்பைக் கழற்றி ராடை இரண்டாக்கிப் படியில் போட்டேன். பிறகுதான் கையை நீட்டிக் காட்டினேன்.

அவர் கம்பியைப் பார்த்தார். அது எங்கே போகிறது, தான் எங்கே நின்றோம் என்று பார்த்தார். அவருக்குப் புரிவதற்காக நான் அந்த பல்ப் விஷயத்தைச் சொன்னேன். பாதியிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. படியில் மெதுவாக உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

சாரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் திரும்பி வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மாடிக்குப் போய்த் தனியாகக் கொஞ்ச நேரம் நின்றார். இறங்கி வந்தவர் பூட்டு வாங்கச் சொல்லவில்லை. பூட்டு என்றால் சாவி உண்டு, சாவி என்றால் ஒரு நாள் ஒருவர் திறப்பார் என்றார். அன்றே வெல்டரை வரவழைத்துக் கதவைப் பற்றவைத்தார். கட்டடக்காரர் வந்து சண்டை போட்டார். சார் அவரிடம் குரலை உயர்த்தவில்லை. கதவையும் திறக்கவில்லை. பிரின்சி, உனக்குப் பதில் இதுதான்.

ஆனால் அந்த மத்தியானம் அதோடு முடியவில்லை. படியில் உட்கார்ந்திருந்தோம் அல்லவா. அண்ணாச்சி குனிந்த தலையோடு கேட்டார்: "டீச்சர், மூணாவது வளையம் சாஞ்சிருக்கா இல்லியா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. படியில் இருந்தபடியே ராடின் மேல் பாதியை எடுத்து, சுவரைப் பார்த்து நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். கண் கலங்கியதில் எல்லா வளையமும் ஒன்றாகத் தெரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். கோணலே இல்லை. சார்கூடப் பிரிக்கச் சொல்லியிருக்க மாட்டார்.

"நேராத்தான் இருக்கு அண்ணாச்சி" என்றேன்.

அவர் அழுதுவிட்டார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். ஆபரேஷனுக்குக் கூட்டிப்போனபோதுகூட அழவில்லை என்று இடையில் ஏதோ சொன்னார். நான் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கீழே கேட் திறக்கிற சத்தம் கேட்டது. தூக்குவாளியைப் படியில் வைக்கிற சத்தம். பிறகு செல்வக்கனியின் குரல், வெயிலில் நடந்து வந்த மூச்சிரைப்போடு மேலே வந்தது.

"டீச்சர், அவுக எங்க?"

எனக்கு முன்னால் அந்த வாக்கியம் மறுபடி வந்து நின்றது, நான் சொல்ல நேர்ந்திருக்கும் அந்த வாக்கியம். அண்ணாச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்து, அடுத்த கீழ்ப்படியில் கால் வைத்தார்.

"இந்தா வாராக" என்றேன்.